தியாகத்தை நினைவுகூர்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – கிறிஸ்தவம்
மீட்டற் பாடம்



“தியாகம்” பற்றிய வினா வந்தால் பெரும்பாலான மாணவர்கள் இயேசுவின் சிலுவை மரணத்தை ஒரு கதைபோல எழுதி முடித்துவிடுகின்றனர். கதை சரியாக இருந்தாலும் புள்ளிகள் குறைகின்றன. காரணம், வினா கேட்பது தியாகத்தை மட்டுமன்று. அதை நினைவுகூர்வதன் பொருளையும் ஆகும். ஆலையடிவேம்பிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் உங்களுக்கு இப்பாடம் பரீட்சைக்கு அப்பாலும் தேவைப்படும். யுத்தம், சுனாமி, 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு ஆகிய மூன்றையும் கண்ட கரையோரம் இது. இங்கு நினைவுகூர்வதற்கு ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்

• பலி, தியாகம், சாட்சி ஆகிய சொற்களை வேறுபடுத்தி விளக்குவீர்கள்.
• நினைவுகூர்தலுக்கான வேத அடிப்படையைக் கூறுவீர்கள்.
• நம் நாட்டு உதாரணங்களைத் தகுந்த இடத்தில் பயன்படுத்துவீர்கள்.
• உண்மையான நினைவுகூர்தலுக்கும் பகையை வளர்க்கும் நினைவுக்கும் இடையிலான வேறுபாட்டை எடுத்துரைப்பீர்கள்.

1. சொற்களைச் சரியாக அறிவோம்

பத்திரிகையில் “விபத்தில் மூவர் பலி” என்று வாசிக்கின்றோம். “சுனாமியில் பலியானோர்” என்றும் சொல்கின்றோம். அன்றாட வழக்கில் “பலி” என்பது உயிரிழப்பைக் குறிக்கின்றது. ஆனால் சமய பாடத்தில் இச்சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. ஆகவே பின்வரும் நான்கு சொற்களையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பலி: இறைவனுக்கு வழிபாட்டில் ஒப்புக்கொடுக்கப்படுவது. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஆடு, மாடு, புறா, தானியம் முதலியன பலியாக ஒப்புக்கொடுக்கப்பட்டன.

தியாகம்: ஒருவர் பிறருடைய நன்மைக்காகத் தமக்குரியதைத் தாமே விரும்பிக் கொடுத்தல். கொடுப்பது பொருளாக, நேரமாக, வாழ்நாளாக, சிலவேளை உயிராகவும் இருக்கலாம்.

சாட்சி: தாம் நம்பியதைத் தம் வாழ்வாலும், தேவை ஏற்படின் மரணத்தாலும் உறுதிப்படுத்துபவர். இரத்தசாட்சி என நாம் அழைப்பவரைக் கிரேக்க மொழியில் “மார்ட்டிஸ்” என்பர். அதன் நேர்ப்பொருள் சாட்சி என்பதே.

நினைவுகூர்தல்: “கூர்தல்” என்றால் மிகுதல். எனவே நினைவுகூர்தல் என்பது தற்செயலாக ஞாபகம் வருவதன்று; நினைவை மிகுவித்து, அதன்படி செயற்படுவதாகும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு “அனாம்னேசிஸ்” என்ற சொல் வழங்கப்படுகின்றது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி எமது கரையைத் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல ஆயிரம் உயிர்கள் பறிபோயின. அவர்களைக் கடவுள் கேட்ட பலி என்று எழுதுவது தவறாகும். கிறிஸ்தவ நம்பிக்கையின் கடவுள் பிள்ளைகளின் உயிரைக் கேட்பவர் அல்லர். ஆனால் அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிவிடத் திரும்பி ஓடி உயிர் துறந்த ஒருவர் செய்தது தியாகம். துன்பம் வேறு, தியாகம் வேறு. இறந்த அனைவரையும் அன்போடு நினைவுகூர்வோம். ஆனால் சொற்களைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

2. வேத அடிப்படை

(அ) ஆபிரகாம் – ஆதியாகமம் 22

ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட ஆயத்தமானபோது கடவுள் அதனைத் தடுத்தார். மகனுக்குப் பதிலாக ஓர் ஆட்டுக்கடா பலியிடப்பட்டது. இப்பகுதியிலிருந்து இரண்டு கருத்துகளைப் பெறலாம். ஒன்று, ஆபிரகாம் தனக்கு மிக அருமையானதையும் கடவுளுக்கு மேலாக வைக்கவில்லை. மற்றது, மனித உயிரைப் பலியாகக் கடவுள் ஏற்கவில்லை.

உங்கள் முஸ்லிம் நண்பர்கள் ஹஜ்ஜுப் பெருநாளில் இப்றாஹீம் நபியின் இதே அர்ப்பணிப்பையே நினைவுகூர்கின்றனர். அன்று கொடுக்கப்படும் உழ்ஹிய்யா இறைச்சி உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடப்படுகின்றது. இரு சமயங்களும் நிகழ்ச்சியை ஒரே விதமாக விபரிப்பதில்லை. எனினும் தியாகத்தை நினைவுகூர்பவர் பிறரோடு பகிர வேண்டும் என்பதில் ஒத்த சிந்தனையைக் காணலாம்.

(ஆ) பஸ்கா – யாத்திராகமம் 12

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்ற இரவை நினைவுகூரும் பண்டிகை பஸ்கா ஆகும். ஆட்டுக்குட்டி, புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை ஆகியவற்றோடு அவ்விருந்து உண்ணப்பட்டது. இதன் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. அதாவது, நினைவு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுகின்றது. தாமே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக ஒவ்வொருவரும் எண்ணிப் பங்குகொள்வது யூத மரபு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்களும் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்க வேண்டாம் என மோசேயின் நியாயப்பிரமாணம் பல இடங்களில் போதிக்கின்றது. தான் பட்ட துன்பத்தை நினைப்பவன் பிறரைத் துன்புறுத்தலாகாது.

(இ) இராப்போசனம் – லூக்கா 22, யோவான் 13

தாம் மரிப்பதற்கு முந்திய இரவில் இயேசு சீடரோடு பஸ்கா விருந்து உண்டார். அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டுக் கொடுத்தார். அது அவர்களுக்காகக் கொடுக்கப்படும் தமது உடல் எனவும், தம்மை நினைவுகூரும்படி அவ்வாறு செய்ய வேண்டும் எனவும் சொன்னார். அவர் தமக்கு ஒரு கற்றூணையோ சிலையையோ கேட்கவில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துண்ணும் ஒரு செயலையே தமது நினைவுச் சின்னமாக விட்டுச் சென்றார்.

அதே இரவில் இயேசு சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் மட்டுமே குறிப்பிடுகின்றார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அப்பம் பிட்கும் கையே கால் கழுவும் கையும் ஆகும். சேவை இல்லாமல் நினைவுகூர்தல் இல்லை என்பதற்கு இது சிறந்த ஆதாரம்.

(ஈ) கொரிந்து சபை – 1 கொரிந்தியர் 11

கொரிந்து சபையில் இராப்போசனம் ஒழுங்காக நடைபெற்றது. ஆயினும் பவுல் அவர்களைக் கண்டித்தார். ஏன்? வசதி படைத்தோர் தாம் கொண்டுவந்ததை முந்தி உண்டனர். ஏழைகள் பசியோடு இருந்தனர். இவ்வாறு கூடுவது கர்த்தருடைய விருந்து ஆகாது என்பதே பவுலின் தீர்ப்பு. சடங்கு சரியாக இருந்தும் நினைவுகூர்தல் பிழைத்துப்போனது.

1 கொரிந்தியர் 10, 11 ஆகிய அதிகாரங்களிலிருந்து நினைவுகூர்தலின் மூன்று காலங்களை எழுதலாம்:

• இறந்தகாலம்: கிறிஸ்துவின் மரணத்தை நினைத்தல்.
• நிகழ்காலம்: ஒரே அப்பத்தில் பங்குபெற்று ஒரே உடலாதல்.
• எதிர்காலம்: அவர் வரும்வரை அவரது மரணத்தை அறிவித்தல்.

(உ) ஒரே முறை – எபிரெயர் 9, 10

பலிகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செலுத்தப்பட்டன. கிறிஸ்துவோ தம்மைத் தாமே ஒரே முறை ஒப்புக்கொடுத்தார் என எபிரெயர் நிருபம் விளக்குகின்றது. அதனால் கிறிஸ்தவர்கள் மிருக பலி செலுத்துவதில்லை. தம்மையே உயிருள்ள பலியாக ஒப்புக்கொடுக்கும்படி பவுல் ரோமர் 12 இல் கேட்டுக்கொள்கின்றார். இதன் பொருள் சாவதன்று, பிறருக்காக வாழ்வதாகும்.

3. திருச்சபை நினைவுகூரும் முறைகள்

• நற்கருணை அல்லது திருவிருந்து: கத்தோலிக்கத் திருச்சபை, சிலுவையில் நிறைவேறிய ஒரே பலி திருப்பலியில் பிரசன்னமாகின்றது எனப் போதிக்கின்றது. சீர்திருத்தச் சபைகள் பல, விசுவாசத்தோடு பங்குபெறுவோர் கிறிஸ்துவோடு ஐக்கியப்படுவதை வலியுறுத்துகின்றன. வேறு சில சபைகள் இதனை நினைவு விருந்தாக மட்டும் கொள்கின்றன. விளக்கங்கள் வேறுபடினும் கிறிஸ்து ஒருமுறையே மரித்தார் என்பது யாவருக்கும் பொதுவானது.
• தவக்காலம்: சாம்பல் புதனில் தொடங்குகின்றது. நோன்பு, ஜெபம், தருமம் ஆகிய மூன்றும் இதன் தூண்கள்.
• பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு: இவை மூன்றையும் பிரிக்கலாகாது. உயிர்ப்பு இல்லையேல் பெரிய வெள்ளி வெறும் துக்கநாளாகிவிடும்.
• சிலுவைப் பாதை: வழக்கமாகப் பதினான்கு நிலைகள் கொண்டது.
• சாட்சிகளின் திருநாட்கள்: முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் திருநாள் டிசம்பர் 26. இயேசு பிறந்த மகிழ்ச்சிக்கு மறுநாளே ஒரு சாட்சியின் மரணத்தைத் திருச்சபை நினைக்கின்றது. ஸ்தேவான் தம்மைக் கல்லெறிந்தவர்களுக்காக மன்றாடியே இறந்தார் என்பதை அப்போஸ்தலர் 7 கூறுகின்றது.

4. நம் நாட்டு உதாரணங்கள்

உதாரணம் எழுதும்போது பெயர், ஆண்டு, செய்த செயல் ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள்.

(அ) மன்னார் மறைசாட்சிகள், 1544: புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளைப்படி கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோரின் பெயர்கள் எமக்குத் தெரியாது. பெயர் தெரியாதோரையும் நினைவுகூரலாம் என்பதற்கு இது சான்று.

(ஆ) புனித யோசப் வாஸ் (1651–1711): ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை வந்தார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றிப் பராமரித்தார். 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். அவரை எவரும் கொல்லவில்லை. எனினும் அவரது வாழ்வு முழுவதும் தியாகமே. 2015 ஜனவரி 14 இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

(இ) வண. வில்லியம் ஓல்ட்: 1814 ஜூன் 29 இல் காலியை வந்தடைந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாருள் ஒருவர். கடற்பயணத்திலேயே தம் மனைவியை இழந்தார். மட்டக்களப்புக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்ரல் 1 இல், அங்கே காலமானார். அவர் தொடக்கிய பணியிலிருந்து வளர்ந்த மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 2014 இல் இருநூறாவது ஆண்டைக் கண்டது. அவருக்குரிய பெரிய நினைவுச் சின்னம் அங்கு படித்து வெளியேறும் மாணவர்களே எனலாம்.

(ஈ) அருட்தந்தை யூஜின் ஹீபர்ட்: அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைக் குரு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் நீண்ட காலம் பணியாற்றி, கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் பெயர் பெற்றவர். கலவரம் மிகுந்த 1990 ஆம் ஆண்டில் நாடு திரும்பாமல் மக்களோடு தங்கினார். ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் சென்ற இளைஞரோடு காணாமற்போனார். கல்லறை இல்லாதவரையும் மக்கள் மறக்கவில்லை.

5. ஒரு கடினமான வினா: உயிர்த்த ஞாயிறு, 2019

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று ஆலயங்களிலும் கொழும்பின் மூன்று விருந்தகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. நாடெங்கும் 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சீயோன் தேவாலயத்தில் இறந்தோருள் பலர் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள்.

சீயோன் வளாகத்தில் குண்டுதாரியைக் கண்டு சந்தேகங்கொண்ட ஒருவர், அவனை உள்ளே செல்லவிடாது வெளியே தடுத்தார். குண்டு வெளியே வெடித்தது. தடுத்தவரும் இறந்தார். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோரின் உயிர்கள் தப்பின.

இங்கே மாணவர் கேட்கும் வினா ஒன்று உண்டு: “குண்டுதாரியும் தன் நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்ததாகத்தானே நினைத்தான்? அதுவும் தியாகமா?” இதனை ஒதுக்கிவிட வேண்டாம். தெளிவாக விடை சொல்லப் பழகுங்கள்.

இருவரும் சில அடி தூரத்தில் நின்றனர். இருவரும் ஒரே கணத்தில் இறந்தனர். ஒருவர் பிறர் வாழும்படி தம் உயிரை இடையில் வைத்தார். மற்றவன் பிறர் சாகும்படி தன் உயிரைக் கருவியாக்கினான். சாவது மட்டும் தியாகமாகாது. யாருக்காக, எதற்காக என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. நண்பருக்காக உயிர் கொடுக்கும் அன்பை யோவான் 15:13 மேன்மைப்படுத்துகின்றது. பிறரைக் கொல்வதற்காகச் சாவதை வேதம் எங்கும் மேன்மைப்படுத்தவில்லை. இஸ்லாமிய அறிஞர்களும் இச்செயலைத் தம் மார்க்கத்துக்கு முரணானதெனக் கண்டித்தனர். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

அப்படியாயின் ஆலயத்தில் இறந்த சிறுவர்கள்? அவர்கள் மரணத்தைத் தெரிவுசெய்யவில்லை. ஆனால் தம் விசுவாசத்தின் பொருட்டு அங்கே கூடியிருந்தனர். ஆகவே சாட்சி என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தும். அன்று இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்கள் விசுவாசத்தின் சாட்சிகளது பட்டியலில் வத்திக்கானால் சேர்க்கப்பட்டுள்ளமை 2025 ஏப்ரல் 21 இல் அறிவிக்கப்பட்டது.

6. நினைவு பகையாகலாமா?

தாக்குதலின் பின்னர், 2019 மே மாதத்தில், வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தாக்குதலோடு தொடர்பற்ற குடும்பங்கள் தண்டிக்கப்பட்டன. பழிவாங்க வேண்டாம் எனக் கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் மக்களைக் கேட்டுக்கொண்டார்.

அதேவேளை அவரும் பாதிக்கப்பட்டோரும் நீதி கேட்பதைக் கைவிடவில்லை. முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பு என்பது உண்மையை மூடிமறைப்பதன்று. நீதி கேட்பது பழிவாங்குவதும் அன்று. இவ்விரண்டையும் கீழ்வருமாறு வேறுபடுத்தலாம்:

• நீதி குற்றம் செய்தவரைத் தேடும். பழி அவரது இனத்தையே தேடும்.
• நீதி உண்மை வெளிவந்தால் அமைதியடையும். பழி அடுத்த பழியைப் பிறப்பிக்கும்.
• நீதி இறந்தவரை மதிக்கும். பழி அவரது பெயரை ஆயுதமாக்கும்.

ஆலையடிவேம்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே மதில் இல்லை. ஒரே சந்தை, ஒரே பேருந்து, ஒரே கடல். இரு சமூகத்தாரும் ஒருவரால் ஒருவர் இழப்புகளைக் கண்ட காலங்களும் உண்டு. இத்தகைய ஊரில் “நாம் நினைவுகூர்கிறோம்” என்று சொல்லும் கிறிஸ்தவ மாணவர் கொரிந்து சபையைத் தம் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் புறக்கணித்துக்கொண்டு உண்ணும் விருந்து கர்த்தருடைய விருந்தாகாது.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: “தியாகத்தை நினைவுகூர்தல் என்பது கடந்தகாலத்தை எண்ணிக் கவலைப்படுவது மட்டுமன்று.” வேத ஆதாரத்துடனும் உதாரணத்துடனும் விளக்குக.

விடை: கிறிஸ்தவ நம்பிக்கையில் நினைவுகூர்தல் என்பது நிகழ்ந்ததை நினைத்து அதற்கேற்ப வாழ்வதாகும். இயேசு இராப்போசனத்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து, தம்மை நினைவுகூரும்படி அவ்வாறு செய்யச் சொன்னார் (லூக்கா 22). அதே இரவில் சீடரின் கால்களைக் கழுவினார் (யோவான் 13). ஆகவே நினைவு சேவையோடு இணைந்துள்ளது. ஏழைகளைப் பசியோடு விட்டு விருந்துண்ட கொரிந்து சபையைப் பவுல் கண்டித்தமையும் இதனையே உணர்த்துகின்றது (1 கொரிந்தியர் 11). கண்டியில் பெரியம்மை நோயாளரைச் சமய பேதமின்றிப் பராமரித்த புனித யோசப் வாஸ், கிறிஸ்துவின் தியாகத்தைத் தம் வாழ்வால் நினைவுகூர்ந்தார். எனவே நாமும் பகிர்தல், மன்னித்தல், நீதியை நாடுதல் ஆகியவற்றால் தியாகத்தை நினைவுகூர வேண்டும்.

கவனிக்க: இவ்விடையில் வரைவிலக்கணம், வேத ஆதாரம், உதாரணம், வாழ்க்கைப் பிரயோகம் ஆகிய நான்கும் முறையே அமைந்துள்ளன. நீங்களும் இவ்வொழுங்கைப் பின்பற்றுங்கள்.

8. பயிற்சி வினாக்கள்

1. பலி, தியாகம், சாட்சி ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. பஸ்கா விருந்துக்கும் இராப்போசனத்துக்கும் இடையிலான ஒற்றுமைகள் இரண்டு தருக.
3. கிறிஸ்தவர்கள் மிருக பலி செலுத்தாமைக்கான காரணத்தை எபிரெயர் நிருபத்தின் துணையுடன் விளக்குக.
4. உயிர் துறக்காமலே தியாக வாழ்வு வாழலாம் என்பதை ஓர் இலங்கை உதாரணத்தால் நிறுவுக.
5. நீதி கேட்பதற்கும் பழிவாங்குவதற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்று எழுதுக.
6. செயற்பாடு: உங்கள் வீட்டிலோ ஊரிலோ பிறருக்காகத் தம்மைக் கொடுத்த ஒருவரைப் பற்றி மூத்தவரிடம் கேட்டறிந்து ஒரு பக்கத்தில் எழுதுக. அவரை நினைவுகூரும் வகையில் இவ்வாரம் நீங்கள் செய்யக்கூடிய செயல் ஒன்றையும் குறிப்பிடுக.

ஆறாவது வினா பரீட்சைக்கு வராது. ஆயினும் முதலில் அதனைச் செய்யுங்கள். மற்ற ஐந்துக்கும் விடை எழுதுவது இலகுவாகும்.